படம் எடுத்தது யார்?

பிரெஞ்சு தேசத்துக் கான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் சினிமா விழாவில், மாணவர்கள் எடுத்த படங்களுக்கென்று 'லா சினெஃப்' என்னும் தனிப் பகுதி ஒன்று உண்டு. 2024-ம் ஆண்டு மே மாதம் அப்பகுதியின் முதற் பரிசு நம் தேசத்துப் படம் ஒன்றுக்குக் கிடைத்தது. உலகத்தின் பல பாகங்களிலுமுள்ள சினிமாப் பள்ளிகளிலிருந்து வந்து குவிந்தவை 2,263 படங்கள். அவற்றில் தேறியவை 18. அந்தப் பதினெட்டிலும் முதலாவதாக நின்றது பூனாவிலுள்ள இந்தியத் திரைப்பட, டெலிவிஷன் ஸ்தாபனத்து மாணவர்களின் படம். கன்னட பாஷையில் அமைந்தது. பதினாறு நிமிஷமே ஓடுவது. 'சூரியகாந்திப் பூக்களே முதலில் அறிந்தன' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிராமத்துக் கிழவி ஒருத்தி சேவலைத் திருடிவிடுகிறாள். சேவல் கூவாத ஊரில் பொழுது விடியாமற் போகிறது. கர்நாடகத்தில் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த கதை, கடல் கடந்து போய்ப் பரிசு வாங்கி வந்தது.

செய்தி வந்த மறுநாள் பத்திரிகைகள் ஒரே பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. டைரக்டர் சிதானந்த நாயக்கின் பெயர் அது. மைசூரைச் சேர்ந்தவர், வைத்தியப் படிப்பை முடித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். அவர் பெயரைப் போட்டதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அப்படத்துக்குக் காமிரா பிடித்தவர் சூரஜ் தாக்குர், தொகுத்தவர் மனோஜ், ஒலியைப் பதிவு செய்தவர் அபிஷேக் கதம். இந்த மூவரின் பெயர்களையும் அன்று படித்து நினைவில் வைத்துக்கொண்ட நேயர்கள் எத்தனை பேர்? கையை விட்டு எண்ணிவிடலாம். குற்றம் நேயர்களுடையதன்று. அச்சிட்டுக் கொடுத்தால்தானே படிப்பதற்கு! இதை எழுதும்போது நம் தொழிலையும் சேர்த்தே குறை சொல்கிறோம்.

அந்தப் படம் பிறந்த விதத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். பூனா ஸ்தாபனத்தின் டெலிவிஷன் பிரிவில் ஓராண்டுப் பயிற்சி ஒன்று நடக்கிறது. டைரக்ஷன், காமிரா, தொகுப்பு, ஒலி என்று நான்கு துறைகளிலும் தனித்தனியே மாணவர்களைச் சேர்க்கிறார்கள். ஆண்டு முடிவில் துறைக்கு ஒருவராக நான்கு பேரைச் சேர்த்து, "நீங்கள் நால்வரும் கூடி ஒரு படம் எடுங்கள்" என்கிறார்கள். அதுவே பரீட்சை. ஒருவன் எழுதிய விடைத்தாளை ஒருவனே சுமக்கும் பரீட்சையன்று. நான்கு பேர் ஒரே விடைத்தாளை எழுதவேண்டிய பரீட்சை. இவர்களுக்குக் கிடைத்த படப்பிடிப்பு நாட்கள் நான்கு. நாட்கள் என்பது பேச்சுக்குத்தான்; விடியாத ஊரின் கதையாகையால் இரவிலேயே எடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கதை வேண்டாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னால் அந்த டைரக்டரே கூறியிருக்கிறார். வேண்டாம் என்றவர்களின் பேச்சு நின்றிருந்தால் நமக்குப் பரிசும் இல்லை, படமும் இல்லை.

அந்த ஸ்தாபனம் நிற்கும் மண்ணைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1929-ல் கோலாப்பூரில் கூட்டாளிகள் சிலர் சேர்ந்து பிரபாத் கம்பெனியைத் தொடங்கினார்கள். சாந்தாராம் பெயர் எல்லோருக்கும் தெரியும். தாம்லே, பத்தேலால், தாய்பர் ஆகியோர் அவருடன் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள். 1933-ல் கம்பெனி பூனாவுக்கு வந்தது. 1936-ல் வெளிவந்த அவர்களுடைய 'சந்த் துக்காராம்' மறு ஆண்டு இத்தாலியில் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. அப்படத்தை டைரக்ட் செய்தவர் ஒருவரல்லர்; தாம்லேயும் பத்தேலாலும் சேர்ந்தே செய்தார்கள். பிற்காலத்தில் கம்பெனி நொடித்தது. 1949-ல் சர்க்கார் நியமித்த பாட்டீல் கமிட்டி, சினிமாத் தொழிலைக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று 1951-ல் சிபார்சு செய்தது. சர்க்கார் காரியமல்லவா? ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1960-ல், அதே பிரபாத் ஸ்டூடியோவில் பள்ளி திறக்கப்பட்டது. இருவர் ஒரு படத்தை டைரக்ட் செய்த அந்த இடத்திலே, நால்வர் ஒரு படத்தை எடுத்ததில் ஆச்சரியம் இல்லைதான்.

இது நிற்க. கூட்டாகப் படம் எடுப்பது என்றால் என்ன என்பதை ஏட்டில் படித்து அறிவதைவிட நேரில் காண்பது மேல். செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கல்லூரி மாணவர் ஐவர் சிறு படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது நாமும் சென்று மூன்று இரவுகள் அவர்களோடு விழித்திருந்தோம். அவர்கள் படித்த கல்லூரியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. தன் பெரிய வீட்டை விற்றுவிட்டு, அதே வீட்டின் மாட்டுக் கொட்டகையில் குடியிருக்கும் ஒரு மூதாட்டியைப் பற்றியது கதை. மூதாட்டியாக நடித்தவர் அந்த ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது, நாற்று நடுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவர். பிள்ளைகள் அவரை "ஆயா" என்று அழைத்தார்கள். ஒரே வசனத்தை ஐந்து முறை சொல்லச் சொன்னபோது, "முதல்ல சொன்னதுல என்னப்பா குத்தம்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு டைரக்டரால் பதில் சொல்ல முடியவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு டைரக்டர்தான் எஜமான், மற்றவர்கள் எடுபிடிகள் என்று தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணிச் சென்றோம். முதல் இரவே அந்த எண்ணம் ஒழிந்தது. காமிராக்கார வாலிபன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். நிலவொளி எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்பது தீராத வரை டைரக்டர் வாயைத் திறக்க முடியாது. தீர்ந்தது என்று எல்லோரும் நிமிர்ந்தால், காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பெண் கையை உயர்த்தினாள். நமக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது: மூன்று வீடு தள்ளி ஒரு தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் ஓடிப்போய் அந்த வீட்டுக்காரரைக் கெஞ்சி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். பிறகு கிளாப் பலகையைத் தட்டினார்கள். காமிராவில் படமும் தனிக் கருவியில் ஒலியும் வெவ்வேறாகப் பதிவாகின்றன. பின்னால் இரண்டையும் பொருத்துவதற்கு அந்தப் பலகையின் 'டக்' என்ற ஓசைதான் அடையாளம்.

காட்சி முடிந்த பிறகும் யாரும் நகரவில்லை. "ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் நின்ற இடத்திலேயே மூச்சடக்கி நின்றார்கள். கொட்டகையின் மௌனத்தை அவள் பதிவு செய்தாள். மௌனத்துக்கும் ஓசை உண்டு. ஒவ்வோர் இடத்து மௌனமும் ஒவ்வொரு விதம். தொகுக்கும்போது வசனங்களுக்கிடையே அதை வைத்துப் பூசாவிட்டால் படம் பொத்தல் பொத்தலாகக் கேட்கும் என்று விளக்கினாள். ஐந்து வாலிபர்களும் ஒரு கிழவியும் இரண்டு ஆடுகளும் அந்த ஒரு நிமிஷம் நின்றதை நாம் மறக்கமாட்டோம். ஆடுகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

ஐந்தாமவன் கணக்குப் பிள்ளை. வாடகை லென்ஸ், ஜெனரேட்டர், சாப்பாடு, ஆயாவுக்குக் கூலி, எல்லாம் அவன் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. ஆயா முந்தின இரவு எந்தக் கையில் வளையல் போட்டிருந்தார் என்பதைக் குறித்து வைத்திருந்தவனும் அவனே. அதிகாலையில் காமிராவின் ஞாபகத் தகடுகளிலிருந்து அன்றைய படத்தை இரண்டு பெட்டிகளில் பிரதி எடுத்துவைக்கும் பொறுப்பும் அவனுடையதே. இரண்டு பிரதி எடுக்கவேண்டும், எடுத்ததைத் திறந்து பார்க்கவேண்டும், அப்புறம்தான் தகட்டை அழிக்கவேண்டும் என்பது இத்தொழிலின் வேதம்.

இரண்டாம் இரவு முடிந்த காலையில் அது தவறிவிட்டது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லாதவன், பிரதி எடுத்துவிட்டதாக எண்ணி ஒரு தகட்டை அழித்துவிட்டான். அதில் இருந்தது படத்தின் உயிர்: ஆயா கொட்டகை வாசலில் உட்கார்ந்து, தான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேசும் ஏழு நிமிஷக் காட்சி. மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. டைரக்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "டைட்டில்ல இவன் பேர் இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடி எடுக்கலாம் என்றால், ஆயா நடவு வேலைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதோடு, அன்று சொன்னதை மறுநாள் அதே மாதிரிச் சொல்லக்கூடியவரும் அல்லர் அவர்.

வழி காட்டியவள் ஒலிப் பெண். படம்தான் போயிற்றே தவிர, குரல் அவளுடைய கருவியில் பத்திரமாக இருந்தது. அன்றிரவு அவர்கள் அதே வாசலை, ஆள் இல்லாமல், எடுத்தார்கள். தேய்ந்த நிலைப்படி, மாட்டின் கழுத்துக் கயிறு தொங்கும் முளை, எதிரே பெரிய வீட்டின் ஜன்னலில் தெரியும் விளக்கு; இவற்றின் மேல் அந்தக் குரலை ஓடவிடுவது என்று தீர்மானித்தார்கள். யாருடைய யோசனை என்று பின்னால் கேட்டோம். காமிராக்காரன் ஒலிப் பெண்ணைக் காட்டினான். அவள் தொகுப்பவனைக் காட்டினாள். ஜன்னல் விளக்கை எடுக்கச் சொன்னவன் தகட்டை அழித்தவனே என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் 1970-ல் 'பிராங்கோ பில்லியின் மறு உயிர்ப்பு' என்றொரு சிறு படத்தை எடுத்தார்கள். அது ஆஸ்கார் பரிசு பெற்றது. டைரக்ட் செய்தவர் ஜேம்ஸ் ரோக்கோஸ். காமிரா நிக் காஸில். கதையில் பங்கு கொண்டு, படத்தைத் தொகுத்து, சங்கீதமும் அமைத்தவர் பின்னாளில் பிரசித்தி பெற்ற ஜான் கார்ப்பென்டர். தங்கச் சிலையோ தயாரிப்பாளராயிருந்த ஜான் லாங்கனெக்கர் என்ற மாணவருக்குச் சென்றது, விதி அப்படி. நம் ஊரில் டைரக்டருக்குப் போகும் புகழ் அந்த ஊரில் தயாரிப்பாளருக்குப் போயிற்று. காமிராக்காரனுக்கும் ஒலிக்காரனுக்கும் எந்த ஊரிலும் போகவில்லை. கார்ப்பென்டர் பிறகு டான் ஓபானன் என்ற சக மாணவருடன் சேர்ந்து 'டார்க் ஸ்டார்' என்ற படத்தை எடுத்தார். அன்னிய கிரகத்துப் பிராணிக்குச் செலவழிக்கப் பணமில்லாமல், கடற்கரையில் விளையாடும் காற்றுப் பந்தையே பிராணியாக்கிய வறுமை அது. 1974-ல் அது தியேட்டருக்கு வந்தது. ஓபானன் அதில் எழுதினார், நடித்தார், தொகுத்தார். அதற்குப் பின் இருவரும் சேர்ந்து படம் எடுக்கவில்லை.

தமிழ் நாட்டில் இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி 'ஊமை விழிகள்' வெளிவந்தது. சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் கூடி எடுத்த படம். ஆபாவாணன் கதை எழுதித் தயாரித்தார். அரவிந்தராஜ் டைரக்ட் செய்தார். அதுவரை "இன்ஸ்டிட்யூட் பையன்கள்" என்றால் முகம் சுளித்த கோடம்பாக்கம், அகன்ற திரையில் அவர்கள் காட்டிய இருட்டையும் ஒலியையும் கண்டு வாயைப் பிளந்தது. அந்த நாளில் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் "திரைப்படக் கல்லூரிப் பசங்க எடுத்த படம்" என்றே பேசிக்கொண்டார்கள்; தனி ஒருவர் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தின் பெயரால் ஒரு படம் அறியப்பட்டது நம் மொழியில் அபூர்வம். அதில் அக்கிரமத்தை எதிர்த்து நிற்கும் ஒரு பத்திரிகாசிரியர் பாத்திரமும் வருவதால் நமக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

புகழைப் பற்றிய இந்த வழக்கை வெறும் மனத்தாங்கல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. படிப்பு முடிந்த மாணவன் வேலை தேடிச் செல்லும்போது அவன் கையில் இருப்பது ஒரு படமும் அதிலுள்ள தன் பெயரும்தான். பரிசு அறிக்கையில் பெயரில்லாத ஒலிக்காரன் எந்த ஸ்டூடியோ வாசலில் போய் எதைக் காட்டுவான்?

சட்டத்தைக் கேட்டால் அது இன்னும் விசித்திரம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் கர்த்தா அதன் தயாரிப்பாளர். டைரக்டர் அல்லர், காமிராக்காரர் அல்லர். பூனா ஸ்தாபனம் சர்க்கார் பணத்தில் படம் எடுப்பிக்கிறது. ஆகவே தயாரிப்பாளர் அதுவே. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் கண்ட ஐவரின் கதை வேறு. கல்லூரிக்குக் கட்டணம் கட்டியவர்கள் அவர்கள். படத்துக்குச் செலவழித்ததும் அவர்களே. ஒருத்தி வளையலை அடகு வைத்திருந்தாள். கல்லூரி கொடுத்தது ஒரு காமிராவும், திருப்பித் தரும்போது கீறல் இருந்தால் அபராதம் என்ற எச்சரிக்கையும். படம் முடிந்ததும், "இதன் சகல உரிமைகளும் கல்லூரியைச் சேர்ந்தவை" என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் மதிப்பெண் இல்லை. ஐவரும் போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்?

மாணவர் படங்களுக்கு விழா நடத்துபவர்களுக்கும், பரிசு கொடுக்கும் சர்க்காருக்கும், கல்லூரி அதிகாரிகளுக்கும் நாம் சொல்லுவது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாணவன் தன் காசைப் போட்டு எடுத்த படத்தின் உரிமையில் அவனுக்குப் பங்கு கொடுங்கள். அதை முதல் வருஷத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். விருதுப் பத்திரத்தில் ஒரு பெயருக்குப் பதில் ஐந்து பெயர் எழுதுவதற்கு இரண்டு வரி மசிதான் கூடுதலாகச் செலவாகும். பத்திரிகைகளுக்கும் அதே இரண்டு வரிதான். இடமில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். நடிகர்களின் விவாகச் செய்திக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது.

டைட்டில் விஷயம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். தொகுப்பு முடியும் வரை அதைப் பற்றி யாரும் பேசவில்லையாம். கடைசி நாள் டைரக்டரே ஐந்து பெயர்களையும் அகர வரிசையில் தட்டெழுதிக் கொண்டுவந்தான். யாருக்கு எந்த வேலை என்று அதில் குறிக்கவில்லை. இது நமக்கு முழுச் சம்மதமன்று. ஒலி செய்தவளை ஒலி செய்தவள் என்றே சொல்லவேண்டும் என்பது நம் கட்சி. ஆனால் அவர்களுடைய படம், அவர்களுடைய தீர்மானம்.

கல்லூரியில் காட்டுவதற்கு முன்பே ஊரில் காட்டிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் படம் ஓடிற்று. நாமும் போயிருந்தோம். ஊர் முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. ஆயாவை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெரிய வீட்டுக்காரரும் வந்திருந்தார். தம் வீட்டு ஜன்னல் திரையில் வந்தபோது அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டதை அருகிலிருந்தவர்கள் கவனித்தார்கள். வாசற் காட்சி வந்தது. நிலைப்படி தெரிந்தது, முளை தெரிந்தது, குரல் கேட்டது. ஏழு நிமிஷமும் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

முடிந்ததும் ஆயா திரும்பிப் பார்த்து, "ஏம்பா, அன்னிக்கு ராத்திரி பூரா என்னை உக்கார வெச்சுப் பேச வெச்சீங்களே, குரல் கேக்குது, ஆளைக் காணமே?" என்று சத்தமாகக் கேட்டார்.

டைரக்டர் எழுந்திருக்கப் போனான். அதற்குள் கணக்குப் புத்தகக்காரன் எழுந்து, நாற்காலியருகே போய்க் குந்தி உட்கார்ந்து, "நான்தான் ஆயா அழிச்சிட்டேன்" என்று ஆரம்பித்தான்.